ராஜா காலத்துக் காதலும் மரியாதையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கத்து ஆட்கள் சிலர் சேர்ந்து பழைய காலத்துக் கதைப் படங்களைப் பார்த்துவிட்டுப் பேசுகிறோம். சங்கம், பெயர்ப்பலகை எதுவும் இல்லை. ஒரு வீட்டு மொட்டை மாடி, ஒரு வெள்ளை வேட்டி, கடன் வாங்கிய புரொஜெக்டர், அவ்வளவுதான். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் கூட்டம் அதிகம். படம் முடிந்ததும் ஒரே மாதிரிக் கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கு நான் சொல்லும் பதில்கள் இவை. எங்கள் கூட்டத்திலேயே பாதிப் பேர் இவற்றை ஏற்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பீரியட் படம் என்றால் ராஜா, ராணி, வாள்சண்டை இருக்க வேண்டுமா?

வேண்டாம். கதை நடப்பது படம் எடுத்த காலத்துக்கு முந்தைய காலமாக இருக்க வேண்டும், அந்தக் காலத்துக் கட்டுப்பாடு கதையை நகர்த்த வேண்டும். 1959-இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' பீரியட் படம். சுதந்திரத்துக்கு முந்தைய சென்னையைக் காட்டும் 'மதராசபட்டினம்' (2010) பீரியட் படம். 1980-இல் நடக்கும் 'சுப்ரமணியபுரம்' (2008) கூட அப்படித்தான், பெல்பாட்டம் போட்டிருந்தால் என்ன?

'தில்லானா மோகனாம்பாள்' இதில் சேருமா என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. படம் 1968-இல் வந்தது. ஜமீன்தார், மைனர், சமஸ்தானம் என்று அதில் வரும் உலகம் அதற்குள் சட்டப்படி ஒழிந்துபோயிருந்தது. ஆகவே சேரும். சேராது என்றாலும் நான் சேர்த்துக்கொள்வேன், எனக்குப் பிடித்த படம்.

காதலுக்கு அன்பு போதாதா? மரியாதை எதற்கு?

இதைக் கேட்டதும் யாராவது ஒருவர் 1997-இல் வந்த ஃபாசில் படமான 'காதலுக்கு மரியாதை'யின் பெயரைச் சொல்லிச் சிரிப்பார். அந்தப் படத்தில் மரியாதை போய்ச் சேருவது பெற்றவர்களுக்கு. நான் பேசுவது காதலிக்கிற இருவர் ஒருவருக்கொருவர் காட்டுவதைப் பற்றி.

ஒரு ராஜா தன் குதிரையை உயிராக நேசிக்கலாம். அதற்குக் காய்ச்சல் என்றால் சாப்பிடாமல் கிடக்கலாம். ஆனால் எந்தப் போருக்குப் போகலாம் என்று குதிரையிடம் கேட்கமாட்டார். பல படங்களில் ராஜாவின் காதலும் இந்த அளவில்தான் நிற்கிறது. நிலவு, மலர், மயில் என்று பாடுவார். அவள் என்ன நினைக்கிறாள் என்பது அவர் திட்டத்தில் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது. அவள் எண்ணத்தால் இவன் திட்டம் மாறுமா, இவன் எண்ணத்தால் அவள் திட்டம் மாறுமா? மாறினால் அங்கே மரியாதை இருக்கிறது.

அது இன்றைய கதைக்கும் பொருந்துமே, பீரியட் படத்தில் என்ன விசேஷம்?

இன்றைய கதையில் பிடிக்காவிட்டால் போனை எடுக்காமல் விடலாம், வேலை மாற்றிக்கொண்டு பெங்களூர் போகலாம். அந்தக் காலத்துக் கதையில் அரசன் சொல், அப்பன் சொல், ஆதரிக்கும் ஜமீன் சொல் என்று சுற்றிலும் வேலி. ஒருவர் கையில் எல்லா அதிகாரமும், இன்னொருவர் கையில் ஒன்றுமில்லை. அதிகாரம் உள்ளவர் அதைப் பயன்படுத்தாமல் நிற்கும்போது அவருக்கு நிஜமாகவே ஏதோ நஷ்டம் ஆகிறது. அந்த நஷ்டம் திரையில் தெரிகிறது, அதனால் நாம் நம்புகிறோம்.

சரி, ஒரு படத்தில் மரியாதை இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"முடியாது" என்று ஒருவர் சொல்லும் இடத்தைத் தேடுங்கள். சொல்லப்பட்டவர் அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். படம் முழுக்க யாருமே முடியாது என்று சொல்லவில்லை என்றால் அது இன்னும் சந்தேகத்துக்குரியது.

எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் இதற்கு உடனே காட்டுவது ஜேன் ஆஸ்டின் எழுதி 1813-இல் வெளிவந்த நாவலின் 2005 திரைவடிவத்தை, 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'. டார்சி பெரும் பணக்காரன். எலிசபெத்திடம் காதலைச் சொல்ல வந்தவன், உன் குடும்பம் தாழ்ந்தது, அதையும் மீறி உன்னை விரும்பித் தொலைத்தேன் என்கிற மாதிரிப் பேசுகிறான். அவள் மறுத்துவிடுகிறாள். அடுத்து அவன் என்ன செய்கிறான்? ஆள் வைத்து மிரட்டவில்லை, வாசலில் வந்து நிற்கவில்லை. தன் தரப்பை ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறான். பிறகு அவள் மாமா, அத்தையைச் சந்திக்கும்போது முன்பு இருந்த இறுமாப்பு அவனிடம் இல்லை. அவள் தங்கைக்கு வந்த அவமானத்தை வெளியே சொல்லாமல் தீர்த்துவைக்கிறான். இரண்டாம் முறை கேட்கும்போது, உன் மனம் மாறவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல், நான் வாயை மூடிக்கொள்கிறேன் என்கிறான். காதலிப்பவன் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் தமிழ்ப் படத்தில் வர நாம் எத்தனை காலம் காத்திருக்க வேண்டும் என்று தெரியவில்லை.

தில்லானா மோகனாம்பாளில் சண்முகசுந்தரம் சந்தேகப்பிராணி, முன்கோபி. அவனைப் போய் உதாரணம் காட்டுகிறீர்களே?

அதிகம் வரும் கேள்வி இதுதான். நீளமாகவே சொல்கிறேன்.

நாகஸ்வர வித்வான் சண்முகசுந்தரம் வாயைத் திறந்தால் வம்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாட்டியக்காரி மோகனாவின் ஆட்டத்தைப் பற்றி மட்டும் அவனால் பொய் சொல்ல முடியவில்லை. பார்க்கமாட்டேன் என்று வீராப்புப் பேசிவிட்டு ஒளிந்து நின்று பார்க்கிறான். அவன் ஒளிந்திருப்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தே, 'மறைந்திருந்து பார்க்கும் மர்மம் என்ன' என்று ஆடுகிறாள். பி. சுசீலாவின் குரலில் அந்தப் பாட்டு ஒரு நாட்டியக்காரி ஒரு வித்வானைக் கையும் களவுமாகப் பிடிப்பது. காதலில் ஒருவரை ஒருவர் இப்படிக் கண்டுபிடிப்பது அழகு.

அடுத்து போட்டி. அவன் நாகஸ்வரம், அவள் சலங்கை. விட்டுக்கொடுக்கலாமே என்று இரண்டு பேருக்கும் தோன்றுவதே இல்லை. விட்டுக்கொடுத்திருந்தால் அது அவமானமாகியிருக்கும். கடைசியில் சபை நடுவில் அவளுக்குத் 'தில்லானா' பட்டத்தைக் கொடுப்பது அவன்தான். கோயில் நாட்டியக்காரிகளைச் சமூகம் ஏளனமாகப் பார்த்த காலம் அது. தேவதாசி ஒழிப்புச் சட்டம் மதராஸ் மாகாணத்தில் வந்ததே 1947-இல். அந்தச் சூழலில் ஒரு வித்வான் ஊரறிய ஒரு நாட்டியக்காரியின் வித்தையைப் பெரிதென்று ஒப்புக்கொள்வது லேசான காரியம் இல்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தொட்டுக்கூடப் பேசவில்லை. எனக்கு அதுதான் படத்தின் காதல் காட்சி.

கத்திக்குத்துப் பட்டு அவன் கை குணமான பிறகு வரும் 'நலந்தானா'வை எல்லோரும் அழுதுகொண்டு பார்ப்பார்கள். நாலு பேர் முன்னால் நேராகக் கேட்க முடியாததை அவள் ஆட்டத்தில் கேட்கிறாள், அவன் வாத்தியத்தில் பதில் சொல்கிறான். மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு அந்தப் பதிலைச் சுமக்கிறது. சிவாஜியின் கன்னமும் கண்ணும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன.

அப்புறம் குறை. பணக்காரர்கள் மோகனாவை வளைக்கப் பார்க்கும்போது அவன் சந்தேகப்படுவது அவளையே. தாயார் பணக்கார ஆதரவு தேடும்போது மறுத்து நிற்பவள் அவள். அப்படிப்பட்டவளின் ஆட்டத்தை நம்பியவன், அவள் சொல்லை நம்பவில்லை. பாதி மரியாதை என்று இதைச் சொல்லலாம். மீதிப் பாதியை அவன் தலைகுனிந்து கற்றுக்கொள்வதால்தான் கடைசிக் கல்யாணம் பொருந்துகிறது. குறை இல்லாதவனாக அவனைக் காட்டியிருந்தால் நான் இவ்வளவு பேசியிருக்கமாட்டேன்.

கட்டபொம்மன் படத்தில் வெள்ளையம்மாள் போகாதே என்று கெஞ்சியும் வெள்ளையத்தேவன் போருக்குப் போகிறானே, இது மரியாதையா?

நம் ஊரில் இந்தப் படத்தைப் போட்டால் கூட்டம் வருவது ஜாக்சன் துரை காட்சிக்கு. 1798 செப்டம்பரில் அந்தச் சந்திப்பு நடந்தது ராமநாதபுரம் அரண்மனையில் என்பதால் நமக்கு ஒரு சொந்தம். வரி, வட்டி, கிஸ்தி வசனத்தைத் திரையில் சிவாஜி சொல்வதற்கு முன்பே பின்வரிசை சொல்லி முடித்துவிடும். கைதட்டல் ஓய்ந்த பிறகு பெண்கள் பேசுவது வெள்ளையத்தேவன், வெள்ளையம்மாளாக வரும் ஜெமினி, பத்மினி ஜோடியைப் பற்றி.

கெட்ட கனவு கண்ட மனைவி 'போகாதே போகாதே என் கணவா' என்று பாடுகிறாள். அவன் போய்விடுகிறான். இங்கே அந்தக் காட்சியை யாரும் வெறும் சினிமாவாகப் பார்ப்பதில்லை. வாடைக்காற்று நாளில் கடலுக்குப் போகவேண்டாம் என்று சொல்லாத வீடு இந்தக் கரையில் இருக்கிறதா? பாம்பன் அக்கா ஒருவர், "கனவை விடுங்க, வானத்தைப் பார்த்துச் சொன்னாலும் போறவங்க போகத்தான் செய்றாங்க" என்றார். அதற்கு மேல் அன்று விவாதம் ஓடவில்லை.

என் கருத்து: சொன்னபடி கேட்காததும், சொன்னதையே காதில் வாங்காததும் வேறு வேறு. வெள்ளையத்தேவனுக்கு ஒரு கடமை இருந்தது, அவன் போனதை நான் குற்றம் சொல்லவில்லை. அவள் பயத்துக்கு ஒரு முழுப் பாட்டைக் கொடுத்ததில் படத்துக்கு அவள்மேல் மரியாதை இருப்பது தெரிகிறது. கணவனுக்கு இருந்ததா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான். இதே ஜோடியின் ஆரம்பத்தைப் பாருங்கள்: தன் காளையை 'அஞ்சாத சிங்கம்' என்று பாடும் பெண், அதை அடக்கியவனுக்கு மனைவியாகிறாள். அடங்கியது காளை. அவள் சம்மதத்தை யாரும் தனியாகக் கேட்ட மாதிரி எனக்கு ஞாபகம் வரவில்லை.

கோவலன், கண்ணகி கதையில் மரியாதை எங்கே?

1964-இல் வந்த 'பூம்புகார்' பார்த்த பிறகு இந்தக் கேள்வி கோபமாகவே வரும். படத்தைவிடக் காப்பியத்தில் இதற்கு நல்ல பதில் இருக்கிறது, அதனால் சிலப்பதிகாரத்துக்கே போகிறேன்.

கானல்வரியில் கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் யாழை வாங்கிப் பாடுகிறான். வேறு ஒருத்தியை நினைத்துப் பாடுவதுபோல அவளுக்குப் படுகிறது. அவளும் யாழை வாங்கி, வேறு ஒருவன்மேல் மனம் வைத்தவள்போலப் பாடுகிறாள். உடனே அவனுக்கு ரோஷம் வந்து எழுந்து போய்விடுகிறான். அவன் பாடினால் கலை, அவள் பாடினால் துரோகம்! இரண்டு பேரும் செய்தது ஒரே காரியம். இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தும் அவளைத் தனக்குச் சமமான கலைஞராக அவன் நினைக்கவில்லை என்பது அந்தக் கடற்கரையில் வெளிப்பட்டுவிட்டது. மதுரைக்குப் போகும் வழியில் கோசிகன் கொண்டுவந்த அவள் கடிதத்தைப் படித்த பிறகுதான் தவறு அவளுடையது இல்லை, தன்னுடையது என்று உணர்கிறான். உணர்ந்ததை அவளிடம் போய்ச் சொல்லவும் இல்லை.

கண்ணகியை வாய் பேசாத பொறுமைசாலி என்று நினைப்பவர்கள் கொலைக்களக் காதையைப் படிக்க வேண்டும். மதுரையில் இடையர் வீட்டில், சாப்பிட்டு முடித்த கணவனிடம், நீங்கள் போற்றத்தகாத ஒழுக்கத்தில் நடந்தீர்கள் என்று நேராகச் சொல்கிறாள். அவன் அதைக் கேட்டுக்கொள்கிறான். அவர்கள் வாழ்க்கையில் உண்மையான பேச்சுவார்த்தை அதுதான். அவனுக்கு அன்று ஆயுள் முடிகிறது என்பதுதான் கொடுமை.

கதாநாயகி 'நாதா', 'பிரபோ' என்று அழைப்பது மரியாதை இல்லையா?

அது வசனம். முடிவு யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவன் எல்லாப் பெண்களிடமும் குழைகிறானே?

குழைகிறான். 2022-இல் முதல் பாகம் வந்தபோது இங்கே பெண்களுக்குக் குந்தவையைவிடப் பிடித்தது பூங்குழலி. பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்கள் இருக்கிற கரை இது. தனியாகப் படகு வலிக்கும் பெண் அவர்களுக்கு அதிசயம் இல்லை, சினிமாவில் வந்ததுதான் அதிசயம். அந்தப் படகில் வந்தியத்தேவன் வெறும் பயணி. அவன் எவ்வளவு பேசினாலும் துடுப்பு அவள் கையில்.

குந்தவை விஷயம் வேறு. அவள் அவனிடம் கொடுப்பது ஒரு வேலை: இலங்கைக்குப் போய்த் தம்பியை அழைத்து வா. அரசகுமாரி ஒருத்தி ஊர் பேர் இல்லாத வீரனை நம்பி அரசின் தலையெழுத்தையே கொடுக்கிறாள். அவள் புத்தியை நம்பி அவன் உயிரைப் பணயம் வைக்கிறான். காதல் வசனம் இல்லாமலே அந்த உறவு நிற்கும்.

வேற்று மத ஜோடி வரும் பீரியட் படம் ஏதாவது?

'ஜோதா அக்பர்' (2008). எங்கள் கூட்டத்தில் கீழக்கரையிலிருந்தும் ராமேசுவரத்திலிருந்தும் ஆட்கள் வருவதால் இதற்கு எப்போதும் கிராக்கி. அரசியலுக்காக நிச்சயமான கல்யாணம். மணப்பெண் இரண்டு நிபந்தனை வைக்கிறாள்: மதம் மாறமாட்டேன், என் தெய்வத்துக்கு அரண்மனையில் கோயில் வேண்டும். அக்பர் சபையில் ஒப்புக்கொள்கிறார். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் மனம் இசையும்வரை விலகி நிற்கிறார். பிறகு பிறர் பேச்சைக் கேட்டு அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தவறு தெரிந்ததும் தானே அழைத்துவரப் போகிறார். பாதுஷா வந்துவிட்டார் என்பதற்காக அவள் உடனே கிளம்பிவிடுவதில்லை.

சரித்திரம் வேறு. ஆமேர் அரசர் மகளை அக்பர் மணந்தது 1562-இல். அந்த அரசிக்கு ஜோதா என்ற பெயர் இருந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்கு ஆட்சேபம் உண்டு. படம் மூன்று மணி நேரத்துக்கும் மேலே, நடுவில் டீ அவசியம்.

அந்தக் காலத்தில் பெண்ணுக்கு ஏது மரியாதை? இதெல்லாம் இன்றைய ஆசையைப் பழைய உடையில் காட்டுவது இல்லையா?

நியாயமான சந்தேகம். நம் ராமநாதபுரம் அரண்மனையையே எடுத்துக்கொள்வோம். 1710-இல் கிழவன் சேதுபதி இறந்தபோது அவர் மனைவியர் பலர் உடன்கட்டை ஏறியதைப் பாதிரியார்களின் கடிதங்கள் விவரிக்கின்றன. அதே சேதுபதி வம்சத்தில் 1730-இல் பிறந்தவர் வேலு நாச்சியார். கணவர் முத்துவடுகநாதர் 1772-இல் காளையார்கோவிலில் கொல்லப்பட்ட பிறகு அவர் தீயில் இறங்கவில்லை. விருப்பாச்சியில் தங்கி, ஹைதர் அலியின் உதவி பெற்று, 1780-இல் சிவகங்கையை மீட்டு ஆண்டார். ஒரே சீமை, ஒரே நூற்றாண்டு. ஆகவே அந்தக் காலம் இப்படித்தான் என்று யாராவது மொத்தமாகச் சொன்னால், எந்த வருடம், எந்த வீடு என்று கேளுங்கள்.

எனக்கு எரிச்சல் தருவது வேறு வகைப் படம். அந்தப்புரத்தில் நூறு பெண்களை அழகு பொம்மையாக நிறுத்திவிட்டு, கதாநாயகிக்கு மட்டும் இன்றைய வசனம் எழுதிக் கொடுப்பார்கள். மற்ற தொண்ணூற்றொன்பது பேருக்கும் வாய் இல்லையா?

மரியாதைக்கு இடமே இல்லாத காதலைக் காட்டும் நல்ல படம் உண்டா?

'சுப்ரமணியபுரம்'. துளசிக்கு அழகர்மேல் இருப்பது பொய் இல்லை. ஆனால் குடும்பம் அவளைத் தூண்டில் இரையாக்கும்போது முடியாது என்று சொல்ல அவளுக்கு இடமே இல்லை. பார்க்காதவர்களுக்காக இதோடு நிறுத்துகிறேன்.

காதல் படம் போட்டால் பெற்றோர் திட்டமாட்டார்களா?

திட்டினார்கள். அவர்களையும் உட்காரவைத்தோம். இப்போது அவர்கள்தான் சிவாஜி படம் கேட்கிறார்கள்.

நம் கடற்கரையில் ஒரு பீரியட் காதல் படம் எடுத்தால் என்ன கதை எடுக்கலாம்?

என் ஓட்டு தனுஷ்கோடிக்கு. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின் சென்னையிலிருந்து போட் மெயில் ரயில் வந்து நிற்கும், பயணிகள் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலில் தலைமன்னார் போவார்கள். ரயில்வே, தபால், சுங்கம் என்று வெளியூர் உத்தியோகஸ்தர்கள் ஒரு பக்கம், கடலை நம்பிய குடும்பங்கள் இன்னொரு பக்கம். நிலத்தின் கணக்கு தெரிந்த ஒருவனும், நீரின் கணக்கு தெரிந்த ஒருத்தியும். அவளுக்கு அவன் தந்திக் கட்டையின் தட்டு புரியாது, அவனுக்கு அவள் காற்றைப் பார்த்துச் சொல்வது புரியாது. ஒருவர் வேலையை மற்றவர் கற்றுக்கொள்வதிலேயே முதல் பாதி ஓடிவிடும். அவள் ஒரு தடவையாவது அவனுக்கு முடியாது என்று சொல்ல வேண்டும், அவன் அதை ஒழுங்காகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1964 டிசம்பர் 22 இரவுப் புயலைக் கதையில் வைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்று ரயிலோடும் வீட்டோடும் போனவர்களின் சொந்தங்கள் இந்தத் தீவில் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கதையை அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். இடிந்த தேவாலயத்தை டூயட்டுக்குப் பின்னணியாக வைக்காதீர்கள், கல்யாண போட்டோக்காரர்கள் அந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள்.